கிளைகள் கிடையாது

ஒரு காட்டில், சிங்கம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்ட காலத்தில், செல்லக்கனி என்றொரு முள்ளம்பன்றி பணியாரக் கடை வைத்திருந்தாள். முள்ளம்பன்றி பணியாரம் சுடுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நரி பேசியபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவர்களுக்கு இப்போது மட்டும் என்ன சந்தேகம்.

காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதக் கூட்டம் ஒன்று வழக்கம்போலக் குப்பையை விட்டுவிட்டுப் போனது. அந்தத் தடவை குப்பையில் ஒரு குழிப்பணியாரச் சட்டியும் இருந்தது. செல்லக்கனி அதைத் தூக்கி வந்து பெரிய பூவரச மரம் ஒன்றின் அடியில் அடுப்புப் போட்டாள். குழியில் மாவை ஊற்றி, ஓரம் சிவந்ததும் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை உருவிக் குத்திப் புரட்டிப் போடுவாள். வெந்ததும் தலைக்கு மேலே எட்டி ஒரு பூவரச இலையைக் கிள்ளி அதில் வைத்துத் தருவாள். இனிப்பும் உண்டு, காரமும் உண்டு.

ருசியில் குறை சொல்ல ஆள் கிடையாது. குறை சொல்ல ஆள் வந்தால்தானே. கடை இருந்தது மரத்துக்குப் பின்பக்கம், எல்லாரும் நடக்கிற பாதை போனது முன்பக்கம். முன்பக்கத்துக்கே கடையை மாற்றலாம் என்றால் அது மரத்தில் குடியிருந்த குரங்குகள் காலங்காலமாகக் குப்பை போடும் இடம். ஆக, செல்லக்கனி சுட்ட பணியாரத்தைப் பெரும்பாலும் செல்லக்கனியேதான் சாப்பிட்டாள். கடை படுத்துவிட்டால் நாத்தனார் பொந்தில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும், "முதலாளியம்மா வந்துட்டாங்க" என்று அவள் சொல்லும் பேச்சைக் காலம் முழுக்கக் கேட்க வேண்டும். அதற்குச் சிறுத்தை வாயிலேயே போய் விழலாம் என்று செல்லக்கனி அடிக்கடி நினைத்துக்கொள்வாள். நினைப்பதில் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

விளம்பரம் செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் காசுக்கு எங்கே போவது? அந்தக் காட்டில் காசு கிடையாது, பண்டமாற்றுதான். அவளிடம் கொடுக்கத்தக்க பண்டம் என்று இருந்தது முள் ஒன்றுதான். தூக்கணாங்குருவிக்கு அது ஊசி, கரடிக்குப் பல்குத்தி, முயலுக்குக் காது குடைகிற குச்சி. மற்ற கடைக்காரர்களுக்குப் பட்ஜெட் என்பது பெட்டியில் இருக்கும், செல்லக்கனிக்கு முதுகில் இருந்தது. அதுதான் சங்கடமே. முள் சீக்கிரம் முளைக்காது. முள்ளம்பன்றியில் முள் போய்விட்டால் மிச்சம் வெறும் பன்றி, அதுவும் பொடிப் பன்றி. வேலாண்டி என்ற சிறுத்தை அந்தப் பக்கம் தினமும் உலாத்துகிறவன். அவள் முதுகு சிலிர்த்து நிற்கும்வரை மரியாதையாக ஒதுங்கிப் போவான். அவ்வளவுதான் அவன் மரியாதை.

பயந்துகொண்டேதான் செலவு செய்தாள். முதலில் மயிலுக்கு ஒரு கைப்பிடி முள் கொடுத்துக் கடை வாசலில் ஆடச் சொன்னாள். கூட்டம் வந்தது. மயில் தோகையை விரித்தது, தோகைக்குப் பின்னால் கடையே மறைந்துபோனது, கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. அடுத்து, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கிளியை விட்டுச் சொல்லச் சொன்னாள். முயல்கள் குடும்பத்தோடு வந்து, வாங்குகிறதை நீயே வைத்துக்கொள், இலவசத்தை மட்டும் கொடு என்று கேட்டு வாங்கிப் போயின. போகும்போது இலை சின்னதாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போயின. அன்று செல்லக்கனி அடுப்பை அணைத்துவிட்டு நன்றாக அழுதாள்.

அழுகிற சத்தம் கேட்டு வந்தவர்தான் ஆமோதரன். ஜாதியில் ஓணான், தொழிலில் விளம்பர ஆலோசகர். நகரத்தில் ஒரு மிட்டாய்க் கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு கோடை முழுக்கக் குடியிருந்தவர். டியூப்லைட்டுக்கு வருகிற பூச்சியைத் தின்னத்தான் போனார், திரும்பும்போது நிபுணராகத் திரும்பினார். செல்லக்கனி தன் கதையைச் சொல்லி, கடை தேறுமா அண்ணாச்சி என்று கேட்டாள். ஆமோதரனின் தலை மேலும் கீழும் ஆடியது. ஓணான் தலை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் ஆடும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. உடனே சந்தோஷப்பட்டுவிட்டாள்.

ஆலோசனைக் கட்டணமாக முதுகில் பாதியை வாங்கி வைத்துக்கொண்டுதான் அவர் வாயைத் திறந்தார்.

"மேடம், டவுன்ல நல்லா ஓடுற கடை எதை வேணா போய்ப் பாருங்க. பலகையில கடைசி வரி ஒண்ணேதான் இருக்கும். 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.' அதை வாசிச்சாத்தான் சனம் உள்ளயே நுழையும்."

"கிளை இல்லங்கிறது ஒரு பெருமையா அண்ணாச்சி?"

"இல்லாததைச் சொல்லித்தான் மேடம் இருக்கிறதை விக்கணும்."

செல்லக்கனிக்கு உடம்பு புல்லரித்தது. புல்லரிக்க முதுகில் அவ்வளவாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அரித்தது. பலகைக்குத் தனிச் செலவு எதற்கு, மரத்திலேயே கொத்திவிடலாம் என்று மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள். மரங்கொத்தி சொல்லுக்கு ஒரு கொத்து முள் கேட்டான். எண்ணிப் பார்த்தால் செல்லக்கனி முதுகில் இரண்டு சொல்லுக்குத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரே ஒரு முள். அதைக் கொடுத்துவிட்டால் பணியாரத்தை எதால் புரட்டுவது?

சரி, வாசகத்தைச் சுருக்கலாம் என்றார் ஆமோதரன். செல்லக்கனி பணியாரக் கடை என்பதை முதலில் தூக்கினார்கள். வாசனைதான் வருகிறதே, அதற்கு எழுத்து எதற்கு. 'எங்களுக்கு' போனது. உன் கடையில் எழுதினால் உனக்குத்தானே, அடுத்த வீட்டுக்காரனுக்கா? 'வேறு எங்கும்' என்ற இடத்தில் செல்லக்கனி கொஞ்சம் தயங்கினாள். கிடையாது என்றாலே எங்கும் கிடையாது என்றுதானே பொருள் என்று ஆமோதரன் இலக்கணம் பேசி அதையும் தூக்கினார். கடை பெயரும் இல்லை, பணியாரமும் இல்லை, என்ன விளம்பரம் என்று சனத்துக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் வருவார்கள், இப்போது டவுனில் இதுதான் நாகரிகம் என்றார். அவர் தலை ஆடியது. அவள் தலையும் சேர்ந்து ஆடியது.

மறுநாள் காலையில் பூவரச மரத்தின் முன்பக்கம், பாதையில் போகிற யார் கண்ணிலும் படுகிற உயரத்தில், மரங்கொத்தி ஆழமாகக் கொத்தியிருந்தான்: கிளைகள் கிடையாது.

அதை முதலில் வாசித்தது குரங்குகளின் தலைவி கோமளம். கோயில் வாசலில் பக்தர்களின் செய்தித்தாளைப் பிடுங்கிப் பிடுங்கி எழுத்துப் படித்தவள். எழுத்துக்கூட்டி ஒரு தடவை வாசித்தாள். நிமிர்ந்து தன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கிளையைப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி வந்தாள்.

"ஏன் செல்லக்கனி, குப்பை போட்டதுக்குக் குடியிருக்கிற கிளையையே எடுப்பாங்களா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

செல்லக்கனி பதறிப்போய் விளக்கினாள். அது மரத்துக் கிளை இல்லை, கடைக்குக் கிளை இல்லை என்று பொருள் என்றாள்.

"கடைக்குக் கிளையா?" என்றாள் கோமளம். "கடை என்ன மரமா?"

அதற்கு மேல் விளக்க செல்லக்கனிக்குத் தெரியவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று கோமளத்துக்குத் தெளிவாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. கிளைகளுக்குக் கடுமையான தட்டுப்பாடு வரப்போகிறது, இருக்கிற கொஞ்சத்தை முள்ளம்பன்றிதான் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறாள், யாரிடமும் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் அந்தக் காட்டிலும் எல்லாரிடமும் சொல்லு என்றுதான் பொருள்.

விடிந்து பார்த்தால் கடை வாசலில் வரிசை. பறவைகள் நின்றால் நியாயம். எருமை நின்றது, ஆமை நின்றது. முதலை ஆற்றை விட்டு இவ்வளவு தூரம் வயிறு தேய ஊர்ந்து வந்து, நிழல் இல்லாத இடத்தில் நின்றது. உங்களுக்கு எதற்கு மாமா கிளை என்று செல்லக்கனி கேட்டாள். பிள்ளைகள் காலத்தில் விலை ஏறும் என்று முதலை சொன்னது. வரிசை ஏன் நிற்கிறது என்று தெரியாமலே பாதிப் பேர் நின்றார்கள். தெரியாமல் நின்றவர்கள்தான் மற்றவர்களை முந்தக்கூடாது என்று சத்தம் போட்டார்கள்.

நின்றால் பசிக்குமா பசிக்காதா? பணியார வாசனை வேறு. ஒவ்வொருவராக வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று எருமை கண்ணில் தண்ணீர் விட்டது. கடைக்குத் தேனும் கிழங்கும் மூங்கிலரிசியும் வந்து குவிந்தன. செல்லக்கனிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் அவள் பொய் சொல்லத் தெரியாத குடும்பத்தில் பிறந்தவள். பணியாரம் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் கிளை எதுவும் கொடுப்பதில்லை, தப்பாக வாசித்துவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, எவ்வளவு தட்டுப்பாடு இருந்தால் இப்படி ஒளிப்பாள் என்று வரிசை இன்னும் நீண்டது.

திடீரென்று வரிசை இரண்டாகப் பிளந்தது. வேலாண்டி வந்துகொண்டிருந்தான்.

அவன் வரிசையைப் பார்க்கவில்லை, சட்டியையும் பார்க்கவில்லை. செல்லக்கனியின் முதுகைத்தான் பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்று நிதானமாகப் பார்த்தான்.

"என்ன யக்கா, முதுகு காத்தோட்டமா இருக்கு?"

செல்லக்கனி சட்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள். கையில் இருந்தது ஒரே முள், அதன் முனையிலும் ஒரு பணியாரம்.

"எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் கிளை மேலதான்," என்றான் வேலாண்டி. "கிளையே கிடையாதுங்கிறாங்க. உண்மையா? இருந்தா ஒண்ணு குடு, மேல போய்ப் படுத்துக்குவேன். இல்லன்னா கீழயே உக்காந்து சாப்பிட வேண்டியதுதான்."

என்ன சாப்பிடப் போகிறான் என்று அவன் சொல்லவில்லை. காலையிலிருந்து அத்தனை பேரிடமும் சொன்ன உண்மை செல்லக்கனியின் தொண்டைவரை வந்தது. வந்து எட்டிப் பார்த்தது. வேலாண்டியின் பல்லைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது.

"இருக்கு தம்பி," என்றாள் அவள். "வரிசையில வாங்க."

வேலாண்டியிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் போய் வரிசைக் கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற முயல், அண்ணன் முதலில் போகட்டும் என்று நகர்ந்தது. ஆமைகூட அன்று வேகமாக நகர்ந்தது. அப்படி ஒவ்வொருவராக வழிவிட, ஒரு நொடியில் வேலாண்டி முறைப்படி வரிசையில் முதல் ஆளாக வந்து சேர்ந்தான். செல்லக்கனி மரத்திலேயே தடித்த கிளையாகப் பார்த்து, அது உங்களுக்கு என்று கையைக் காட்டினாள். முள் முனையில் இருந்த பணியாரத்தையும் கொடுத்தாள். அவன் அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிப்போய் நான்கு காலையும் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சிறுத்தைக்கே கிளை கிடைத்துவிட்டது என்றால் மற்றவர்கள் விடுவார்களா? இனி இல்லை என்று சொல்ல செல்லக்கனிக்கு வாயும் கிடையாது, முள்ளும் கிடையாது. ஆமோதரன் ஓடி வந்து ஓர் இலைப் பணியாரத்துக்கு ஒரு கிளை என்று திட்டம் போட்டார். அவள் சுட்டாள், கையைக் காட்டினாள், சுட்டாள், கையைக் காட்டினாள். கிளை கிடைத்தவர்கள் அதை மரத்தில் விட்டு வைப்பார்களா? காலம் கெட்டுக் கிடக்கிறது என்று முறித்து வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். முதலை ஒரு கிளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனது. குரங்குகளும் குடியிருந்த கிளைகளை ஆளுக்கொன்றாக முறித்து எடுத்துக்கொண்டு, அப்பாடா, இனி யாரும் நம்மை வெளியேற்ற முடியாது என்று வெளியேறிப் போயின.

மரம் நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டு வந்தது. செல்லக்கனி முதுகில் புது முள் புல் மாதிரி அரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் புகார் வந்தது.

தாமதமாக வந்து கிளை கிடைக்காமல் போன காட்டுப்பன்றி ஒருவன் காட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போய்விட்டான். கிளைகள் கிடையாது என்று பெரிதாக விளம்பரம் போட்டுவிட்டு, வேண்டியவர்களுக்கெல்லாம் கிளை கொடுத்திருக்கிறாள், அப்பட்டமான பொய் விளம்பரம் என்பது அவன் வழக்கு. பொய் என்று தீர்ப்பானால் சட்டி பறிமுதல். சட்டி போனால் கடை போச்சு, நாத்தனார் பொந்துதான். கொத்தியதை அழிக்கலாம் என்று செல்லக்கனி இரண்டு நாள் மரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். சொல்லுக்கு ஒரு கொத்து வாங்கியவன் ஏமாற்றாமல் ஆழமாகக் கொத்தியிருந்தான்.

மன்றத்தின் தலைவர் பெரியநாயகம் என்ற யானை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் மேய்ந்துகொண்டு சாவகாசமாக வந்து சேர்ந்தார். அவர் வந்த அன்று மரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கிளை. மற்றதையெல்லாம் முறித்தவர்கள் அதை மட்டும் முறிக்கவில்லை, ஏனென்றால் அதில் வேலாண்டி தூங்கிக்கொண்டிருந்தான். செல்லக்கனி அண்ணாந்து அந்தக் கிளையைப் பார்த்தாள். அவள் தலையெழுத்து அதில் தொங்கிக்கொண்டிருந்தது, வாலோடு.

காட்டுப்பன்றி வாதம் செய்தான். வாதம் நீளமாக இருந்தது. பெரியநாயகத்துக்கு யோசிக்க வேண்டுமென்றால் எதையாவது மென்றாக வேண்டும், சின்ன வயதுப் பழக்கம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தும்பிக்கையை மேலே விட்டுத் துழாவினார், கையில் பட்டதைப் படக்கென்று முறித்தார், வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். வேலாண்டி தொப்பென்று அவர் காலடியில் விழுந்தான். அவர் கவனிக்கவில்லை. வாதம் முடிந்ததும் கண்ணைத் திறந்து மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். மென்றதை விழுங்கினார்.

"கிளைகள் கிடையாது," என்றார். "விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. போட்டது போட்டபடி இருக்கிற ஒரே கடையை இந்தக் காட்டில் இன்றுதான் பார்க்கிறேன்."

வழக்கு தள்ளுபடியானது. பெரியநாயகம் சட்டியில் இருந்ததையெல்லாம் காலி செய்துவிட்டு, நேர்மைக்குப் பரிசாக மரத்தில் தன் கால் தடத்தையும் பதித்துவிட்டுப் போனார். கூட்டம் ஆரவாரம் செய்ய வாயைத் திறந்தது, திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டது. வேலாண்டி தூசியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான்.

"யக்கா," என்றான். "என் கிளை எங்க?"

செல்லக்கனி ஆமோதரனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டியபடியே பின்னால் நகர்ந்து புதருக்குள் மறைந்தார். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அந்த மனுஷன் யாருக்கும் எதற்கும் சரி சொன்னதே இல்லை. தனியாகவே நின்றாள். அந்தப் பயத்தில்தான், முள் பற்றாமல் அன்று வெட்டிப்போட்ட இரண்டு சொல் அவள் வாயில் வந்து விழுந்தது.

"இங்கதான் தம்பி கிடையாது. வேறு எங்கும் தர்றேன்."

"எங்க?"

"பாறைப் பக்கம். உங்க பேர்ல ஒரு கிளை. மாவு, அடுப்பு, சட்டி எல்லாம் என் பொறுப்பு. நீங்க கல்லாவுல உக்காந்தாப் போதும்."

வேலாண்டி உட்கார்ந்து யோசித்தான். அவனைக் கண்டு ஓடியவர்கள் உண்டு, கல்லாவில் உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை. கண் கலங்கியதை மறைக்க மீசையை நக்கிக்கொண்டான். காத்திருந்து பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல், பாறைக் கிளை முதல் நாளே பிய்த்துக்கொண்டு போனது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று வேலாண்டி சொன்னால் பிறகு வருகிறேன் என்று சொல்லும் வாடிக்கையாளர் யார் இருக்கிறார்?

பூவரசு ஒரு வினோதமான மரம். கிளையை வெட்டி ஊன்றினாலே துளிர்த்துவிடும். முறித்துக்கொண்டு போனவர்கள் வாசலில் ஊன்றி வைத்த கிளைகள் எல்லாம் அடுத்து வந்த மழையில் துளிர்த்தன. நிழல் வந்தது, இலை வந்தது, இனி பணியாரம்தானே பாக்கி என்று ஒவ்வொருவராக வந்து கிளை கேட்டார்கள். ஆற்றங்கரைக் கிளையை முதலை எடுத்தது. வீடிழந்த குரங்குகளையெல்லாம் செல்லக்கனி வேலைக்கு வைத்துக்கொண்டாள். கிளை மேலாளர் என்று பதவி. எங்கள் பரம்பரைத் தொழிலுக்கு இப்போதுதான் ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது என்று கோமளம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆமோதரன் இப்போது பாறை பாறையாகப் போய், குறைந்த செலவில் நிறைந்த வியாபாரம் என்று உரையாற்றுகிறார். இது எல்லாம் முதலிலேயே போட்ட திட்டமா என்று யாராவது கேட்டால் தலை ஆடுகிறது.

செல்லக்கனிக்கு முதுகில் முள் மறுபடி கருகருவென்று முளைத்துவிட்டது. பழைய இடத்தில், உச்சி வெயிலில், மொட்டை மரத்தடியில், தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டுதான் இன்றைக்கும் பணியாரம் சுடுகிறாள். நிழல் கிடையாது. வைத்துக் கொடுக்கிற இலைக்குக்கூட சொந்தக் கிளையில்தான் காத்துக் கிடந்து வாங்கி வரவேண்டும். ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள். நாத்தனார் நேற்று வந்து வரிசையில் நின்றாள், ஒரு கிளை கிடைக்குமா என்று கேட்டாள். வரிசை முடியட்டும், பார்க்கலாம் என்று செல்லக்கனி சொல்லிவிட்டாள்.

கையில் வசதி வந்ததும் அவள் செய்த முதல் செலவு மரங்கொத்தியைக் கூப்பிட்டு, அன்று விட்டுப்போன சொற்களைக் கொஞ்சம் மாற்றிக் கொத்தச் சொன்னதுதான். இப்போது மரத்தில் வாசகம் முழுசாக இருக்கிறது: எங்களுக்கு இங்கு மட்டும் கிளைகள் கிடையாது.

நீதி: விளம்பரத்தில் ஒருபோதும் பொய் சொல்லாதே. தவறிச் சொல்லிவிட்டால் திருத்தாதே, கொஞ்சம் பொறு. வாடிக்கையாளர்களே அதை உண்மையாக்கித் தருவார்கள்.